ஏழு சுற்று

கர்னாக் கோயிலில், கல்லால் ஆன வண்டுச் சிலையின் முன் சுற்றுலாக் கூட்டம் நின்றது.

"இதை ஏழு தடவை சுத்தினா கல்யாணம் கூடிவரும்னு சொல்வாங்க" என்றார் வழிகாட்டி.

சமீரா உடனே இக்ராமைப் பிடித்துத் தள்ளினாள். "போ, சுத்து."

"கெய்ரோலேர்ந்து என் மானத்தை வாங்கவா கூட்டிட்டு வந்தீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சே. எனக்கும் ஆயிடுச்சு, தம்பி ஷெரீஃபுக்கும் ஆயிடுச்சு. இன்னும் எத்தனை நாள் தனியா இருப்பே?"

"உங்களுக்காகத்தான் சுத்தறேன்" என்று முணுமுணுத்தபடி இக்ராம் நடக்க, ஷெரீஃப் எண்ணினான்.

"ஏழு ஆச்சு, வாம்மா. உன் பேரப்பசங்க பசிக்குதுங்கறாங்க" என்றாள் சமீரா.

"இருடி. உன் தம்பி சின்ன வயசுலேர்ந்தே கணக்குல மோசம். எதுக்கும் இன்னொண்ணு சுத்திட்டு வந்துடறேன்" என்றாள் இக்ராம்.