கைக்குப் பொருந்திய ரிவால்வர்

டெல்பர்ட் யோசித்துத்தான் அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தார். சொந்த ஊரில் துப்பாக்கி வாங்கினால், அவர் வீடு திரும்புவதற்குள் விஷயம் நடீன் காதுக்குப் போய்விடும். இந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். இங்கே அவர் முகம் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒருவர் துப்பாக்கிக் கடைக்குள் நுழைவதும் ரொட்டி வாங்க நுழைவதும் ஒன்றுதான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நடீன் அவருடைய மனைவி. பண்ணை, மாடுகள், புல்வெளி எல்லாம் அவள் பெயரில். சாணம் அள்ளும் உரிமை மட்டும் டெல்பர்ட்டுக்கு.

வரும் வியாழக்கிழமை அவர் நண்பர்களோடு சீட்டாடுவார். நடுவில் சுருட்டுப் பிடிக்க வெளியே போவார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு திருடன் பண்ணை வீட்டுக்குள் புகுந்துவிடுவான். பாவம் நடீன்! சவ அடக்கத்துக்கு எந்த டை கட்டுவது என்பதுவரை டெல்பர்ட் முடிவு செய்துவிட்டார்.

கண்ணாடி மேஜைக்குப் பின்னால் செம்பட்டை மீசைக்காரன் ஒருவன் நின்றிருந்தான். இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணிக் கையுறை.

"வாங்க சார், வாங்க! என்ன காட்டட்டும்?"

"ரிவால்வர். கொஞ்சம் பெரிய குண்டு போடறதா வேணும். சும்மா, பலகையில குறி பாத்துச் சுடத்தான். ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்கோன்னு டாக்டர் சொன்னார்."

"நல்ல டாக்டர் சார்! நமக்கு வாய்ச்சவன் நடக்கச் சொல்றான், படுபாவி."

ரிவால்வர்கள் வரிசையாக மேஜைக்கு வந்தன. பளபளக்கும் வால்நட் மரக் கைப்பிடி போட்ட ஒன்றை டெல்பர்ட் ஆசையோடு எடுத்தார்.

"அது பாக்கத்தான் அழகு. நாப்பத்துநாலு மேக்னம் குண்டு சார், சுட்டா கழுதை மாதிரி உதைக்கும். ரெண்டு தடவை சுட்டா மணிக்கட்டு தனியாக் கழண்டு வந்துடும்."

"எனக்கு ஏற்கெனவே கட்டைவிரல்ல வாதம்."

"அப்போ ரப்பர் கைப்பிடிதான் உங்களுக்கு. இதைப் பிடிங்க. ஊஹூம், சுண்டுவிரல் வெளியில நிக்குது. இது? இன்னும் கொஞ்சம் இறுக்கமா... அதையும் எடுத்துப் பாருங்க. உதையைக் கைப்பிடிதான் வாங்கணும் சார், கை வாங்கக் கூடாது."

டெல்பர்ட் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். மேஜையில் இருந்தவை போதாதென்று அலமாரியில் இருந்தவற்றையும் கடைக்காரன் அவரையே எடுக்கச் சொன்னான். தான் மட்டும் கையுறையைக் கழற்றவில்லை.

"எனக்குக் கை வேர்க்கும் சார், இரும்பு துருப்பிடிச்சிடும். நீங்க தாராளமாத் தொடுங்க. தொடாம எப்படி வாங்கறது?"

இவ்வளவு பொறுமையான கடைக்காரனை டெல்பர்ட் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. கடைசியில் கனமான ஒரு ரிவால்வர் அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. விரல்களுக்கென்றே பள்ளம் வைத்த ரப்பர். கட்டைவிரல் வலி இருந்த இடமே தெரியவில்லை.

"இது! இதுதான்!"

கடைக்காரன் முகம் மலர்ந்தது. "உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல சார். இது புதுசு இல்ல, காலைல நான் சுட்டுப் பாத்தேன். பாதி விலை குடுங்க, போதும்."

"எப்படிச் சுடுது?"

"வெச்ச குறி தப்பல."

இப்படியும் ஒரு நேர்மையானவன்! டெல்பர்ட் பரிதாபப்பட்டார். இவன் எங்கே வியாபாரத்தில் உருப்படப் போகிறான்? சட்டைப்பையில் இருந்த, செத்துப்போன பெரியப்பா பையனின் ஓட்டுநர் உரிமத்தைத் தடவியபடி மெதுவாகக் கேட்டார். "பேப்பர் ஏதாவது எழுதணுமா?"

"அதெல்லாம் ரவுடிப் பயல்களுக்கு சார். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுதே!"

டெல்பர்ட்டுக்குச் சற்று ஏமாற்றம்தான். செத்தவன் பெயரைக் கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் சொல்லிப் பழகியிருந்தார். அத்தனையும் வீண்.

கடைக்காரன் வாசல்வரை வந்தான். அவருடைய பச்சை வண்டியைச் சுற்றிவந்து பாராட்டினான். கண்ணிலிருந்து மறையும்வரை கையாட்டினான். முட்டாள்கள் நிறைந்த உலகத்தில் புத்திசாலிக்கு வாழ்க்கை எவ்வளவு சுலபம் என்று நினைத்தபடி, டெல்பர்ட் சீட்டியடித்துக்கொண்டே மலைப்பாதையில் ஏறினார்.

ஆற்றுப் பாலத்தில் இரண்டு போலீஸ் வண்டிகள் குறுக்கே நின்றன.

"ஃபோன்ல அந்த ஆள் சொன்ன பச்சை வண்டி, நம்பர் இதேதான்" என்று சகாவிடம் சொல்லிவிட்டு, துணை ஷெரீஃப் ரோண்டா கதவைத் திறந்தாள். "கை ரெண்டையும் மேல தூக்குங்க, பெரியவரே."

இருக்கையில் கிடந்த ரிவால்வரை எடுத்துக் குழலை முகர்ந்து பார்த்தாள். டெல்பர்ட் கைகளை இன்னும் உயரத் தூக்கினார். எப்படித் தெரிந்தது? தூக்கத்தில் உளறிவிட்டோமா? நடீன்தான்! அவள்தான் மோப்பம் பிடித்திருக்கிறாள்!

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலம்மா! அவ உயிரோட, நல்லா இருக்கா! வேணும்னா ஃபோன் போட்டுக் கேளுங்க!"

"எவ?"

"நடீன்! என் பொண்டாட்டி! வியாழக்கிழமை அவளைச் சுடலாம்னு நெனச்சது நிஜம்தான். நெனச்சதுக்கெல்லாமா பிடிப்பீங்க?"

ரோண்டா தன் சகாவைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"வியாழக்கிழமைக் கதையை அப்புறம் கேட்டுக்கறேன். இன்னிக்குக் காலைல இதால சுட்டு அந்தத் துப்பாக்கிக் கடை முதலாளியம்மாவைப் பின்னறையில போட்டுட்டு வந்திருக்கீங்களே பெரியவரே, மொதல்ல அதைச் சொல்லுங்க!"