கியூ அக்காவின் சட்டம்

"தலையில ஒரு சொட்டுத் தண்ணி பட்டுதோ, அடுத்த நிமிஷம் பெட்டியைக் கட்டிடுவேன்!" என்றாள் கியூ அக்கா.

டாஃப்னி கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டாள். பிள்ளை பெற்றுப் பதினாறு நாள் ஆகிறது. சீன வழக்கப்படி ஒரு மாதப் பத்தியம்; அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வந்தவள்தான் கியூ அக்கா. குளியல் கிடையாது. பச்சைத் தண்ணீர் கிடையாது. காற்று வந்துவிடும் என்று ஜன்னல் இடுக்கில்கூடத் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தாள் கியூ அக்கா. வேளா வேளைக்கு இஞ்சியும் கறுப்பு வினிகரும் விட்டு வேகவைத்த பன்றிக்கால் வேறு. சான் பிரான்சிஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு சிறைவாசம்!

"நாப்பது வயசுல மூட்டு வலிக்கிறப்போ இந்தக் கியூவை நினைச்சுப்பே," என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் கதவு மெல்லத் திறந்தது. அம்மா! ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"ஆரஞ்சு ஜூஸ். ஐஸ் போட்டிருக்கேன். சீக்கிரம் குடி, ராட்சசி வந்துடப் போறா."

டாஃப்னிக்கு இன்னும் நம்ப முடியவில்லை. மருத்துவப் படிப்பைப் பாதியில் உதறிவிட்டு அவள் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்த நாளிலிருந்து, ஆறு வருடமாக, அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சு "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டியதில்லை. பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வைத்தே தீருவேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றபோதும் வீட்டில் பெரிய ரகளை.

"நீதானேம்மா இவளைக் கூட்டிட்டு வந்தே?"

"சைனா டவுன்ல நாலு பேர் நல்லவன்னாங்க. இப்படி வந்து வாய்ப்பான்னு யாரு கண்டா?" அம்மா குல்லாயைக் கழற்றினாள். "ஐயையே, ஊர் நாய்க்கெல்லாம் ஷாம்பூ போடறவ தலையா இது? எந்திரிடி. நான் வாசல்ல நிக்கறேன். இருமினேன்னா குழாயை மூடிடு."

பத்தே நிமிடம். வெந்நீர் உச்சந்தலையில் விழுந்தபோது டாஃப்னிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டிரையர் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அம்மா துண்டாலேயே தலையைத் துவட்டினாள். டாஃப்னி சிரித்துக்கொண்டே கடைக்கதையெல்லாம் சொன்னாள். கத்தரியைப் பார்த்தாலே மேசைக்கடியில் ஒளியும் கிழட்டு நாய் ஒன்றைப் பற்றி.

"அது கடிக்காதா?" என்று அம்மா கேட்டாள். கடையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். டாஃப்னிக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது.

"அழாதே. இந்த மாசத்துல அழுதா கண்ணு கெட்டுடும்."

"இதுவும் கியூ அக்கா சட்டமா?"

"இல்லை. இது என் சட்டம்."

"சின்ன வயசுல உன்னைப் பாத்தாலே எனக்கு நடுக்கம்மா. நீ இப்படியெல்லாம் திருட்டுத்தனம் பண்ணுவேன்னு தெரியாமப் போச்சே! உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

அம்மா துண்டை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

சாயங்காலம் குழந்தை தூங்கியது. கியூ அக்கா கண்ணில் படுவதற்குள் காலி பாட்டிலைக் கழுவி வைத்துவிடலாம் என்று டாஃப்னி பூனை மாதிரி நடந்து போனாள். சமையலறைக்குள் பேச்சுக்குரல் கேட்கவே, கதவுக்கு வெளியே நின்றாள்.

"என்னால முடியலை லாவ் அம்மா," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் கியூ அக்கா. "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். மத்த வீட்லல்லாம் இஞ்சி போட்டு வெந்நீர் காய்ச்சி, மூணாம் நாளே நானே தலைக்கு ஊத்தி விடுவேன். இங்க என்னடான்னா, அந்தப் பொண்ணு என்னைக் கண்டாலே எமனைப் பாத்த மாதிரி பாக்குது. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி உர்ருனு இருக்கச் சொல்றீங்க?"

"பதினாலே நாள் கியூ, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ," என்று அம்மா கெஞ்சினாள். "இப்பத்தான் அவ எங்கிட்டப் பேசவே ஆரம்பிச்சிருக்கா."