பொட்டு வைத்த டிவி

சுவரில் தொங்கும் பெரிய டிவியின் திரையில் கறுப்புக் கோடு ஒன்று கீழிருந்து மேலாக ஓடுகிறது. மாட்டி மூன்று நாள்கூட ஆகவில்லை. தர்மா டிரில்லை இறுகப் பிடித்தபடி அதையே பார்க்கிறான். டிவி வாங்குவது உங்கள் பாடு, மாட்டுவது மட்டும் என் வேலை என்று பதினோரு வருஷமாகச் சொல்லி வந்தவன், இந்த ஈப்போ வீட்டில்தான் முதல்முறையாக டிவியையும் தானே விற்க மசிந்தான். "எல்லாம் ஒரே கையில முடியட்டும்லா" என்று அன்று கெஞ்சிய அடைக்கப்பன், இப்போது சோபாவில் காலாட்டியபடி, "நீங்க வித்த டிவிதானே, நீங்களே மாத்திக் குடுங்க" என்கிறார். கூடத்து வெளிச்சம் திரையில் சாய்ந்து விழுகிறது. கோடு தொடங்கும் கீழ்விளிம்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தண்ணீராய்க் குழைத்த சந்தனம் இடுக்கில் வழிந்து இறங்கிக் காய்ந்திருக்கிறது. தர்மாவுக்கு மண்டை கொதிக்கிறது. "அண்ணே, தண்ணி உள்ள போயிருக்கு. இதுக்கு வாரண்டி கிடையாது." அடைக்கப்பனின் கால் நிற்கிறது. "பொட்டு வச்சதாலதான் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களா?" தர்மா வாயைத் திறக்கிறான். அவன் கையிலிருக்கும் டிரில்லிலும் போன ஆயுத பூஜையின் குங்குமம் ஒட்டியிருக்கிறது. டிரில்லைப் பைக்குள் திணிக்கிறான். அடைக்கப்பனின் மனைவி கண்ணம்மை ஆறுதலாகக் காப்பியை நீட்டுகிறாள். "கண்ணு பட்டிருச்சு தம்பி. புது டிவிக்குப் பொட்டைப் பெரிசா வச்சிடுறேன்."