மூலை நாற்காலி

“தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிங்க. தேறுமான்னு பாக்கணும். உங்க காதுக்குத் தப்பாதுன்னு எல்லாரும் சொன்னாங்க,” என்றார் என் பட்டறைக்கு வந்தவர்.

“வெளிச்சத்துக்கு வந்து, என்னைப் பாத்துப் பேசுங்க,” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

குழல்களைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன். இரண்டையும் சேர்த்திருக்கும் பற்று நன்றாக இருந்தால், தட்டும்போது மணி மாதிரி ஒலிக்கும். பற்று விட்டிருந்தால் மந்தமாகச் சத்தம் வரும். அதைச் சரிசெய்யாமல் சுடக் கூடாது.

மரச் சுத்தியலால் தட்டினேன். பழக்க தோஷம், கண் மூலை நாற்காலிக்குப் போனது. போன மாதம் வரை அங்கே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த மனைவி இல்லை. அவளுடைய தையல் கூடை மட்டும் இருந்தது.

இன்னொரு முறை தட்டிவிட்டு, வந்தவரின் முகத்தைப் பார்த்தேன்.

“என்னங்க, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?”

கூடையை எடுத்து மேசையில் வைத்தேன்.

“இப்படி உக்காருங்க. மறுபடி தட்டறேன். கணீர்னு இருந்தா தலையாட்டுங்க.”

“நானா? பேர் வாங்கினது உங்க காதாச்சே!”

“அது என் வீட்டுக்காரி காதுங்க. எனக்கு இருபது வருஷமா, பக்கத்துல துப்பாக்கி வெடிச்சாக்கூடக் கேக்காது.”