வக்கீலம்மாவின் மூன்றாவது தேர்வு

வேண்டுமென்றே தடுமாறுகிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

‘மழை’ என்ற சின்னச் சொல்லில் மூன்று தடவை திக்கியவள், அடுத்த வரியில் இருந்த ‘வெள்ளப்பெருக்கு’ என்பதை மறந்துபோய் கடகடவென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கள்ளி.

பத்து வயது. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வதால் வக்கீலம்மா என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் பாலம் கட்டுவது பற்றிப் படிக்கக் கடல் தாண்டி வந்தவள். செவ்வாயும் வெள்ளியும் கல்லூரி விட்டதும் இந்தச் சலவைக்கடை மாடிக்கு வந்துவிடுவேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கு அந்த ஊர் மொழியை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பேன். எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

மாடி வகுப்பின் விதி இதுதான். பச்சைப் புத்தகத்தைப் பிழையில்லாமல் வாசிக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரலாம். சேர்ந்துவிட்டால் மாடிக்கு வரக்கூடாது. அந்த நாற்காலி அடுத்த பிள்ளைக்கு. மூன்று முறை தவறினால் அந்த வருடப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

வக்கீலம்மா ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தாள். இதுவும் போனால், இன்னும் ஒரு வருடம் கீழே அம்மா இஸ்திரி போடும் மேசையருகே நின்று துணி மடிக்க வேண்டியதுதான்.

ஏன் தவறுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். தேறிவிட்டால் என்னிடம் வர முடியாது.

“பள்ளிக்கூடத்துக்கே வந்து பார்க்கிறேன்” என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று குறுக்கு விசாரணை செய்தாள். போன வருடம் சொல்லிக்கொடுத்த அண்ணனும் இதையேதான் சொன்னாராம்; ஒரு நாள்கூட வரவில்லையாம்.

தேர்வு வைக்க வந்த அம்மாள் பெருமூச்சு விட்டபடி சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் மேடம். பாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரட்டும்.”

அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனேன். கோபம் தலைக்கேறியிருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன். என்ன ஆனாலும் சரி, இவள் இன்றைக்குத் தேறியாக வேண்டும்.

“வர்ற ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போறேன். படிப்பு முடிஞ்சிடுச்சு. இனிமே இங்க வரமாட்டேன்.”

என் முகத்தையே பார்த்தாள்.

“டிக்கெட் எடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

எடுத்தாயிற்று என்றேன்.

தண்ணீர் குடிக்காமலே உள்ளே போனாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினாள். காற்புள்ளிக்குக்கூட நிற்காமல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

தேர்வு அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

போகும்போது வக்கீலம்மா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான்தான் கையைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. பள்ளிப் பேருந்து நாலரைக்கு அவளைச் சலவைக்கடை வாசலில் இறக்கிவிடும் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். அதனால் மாடி வகுப்புக்கு நாலு மணிக்கே போனேன். வாசல் வழியாக அல்ல, சந்தில் சுற்றிக் கடையின் பின்பக்கமாக.

என் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

பின்கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாலு நாளாக மகளின் அழுகையைப் பார்த்தவள். ஊருக்குப் போவதாகச் சொன்ன நான் எதிரே நிற்கிறேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வந்து, சத்தமில்லாமல் தாழ்ப்பாளை நீக்கினாள்.