காதில் உள்ளது

வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த இயர்பட்ஸைத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, புதுசென்று விற்பதில் அவள் புருஷன் கெட்டிக்காரன். துடைக்கிற வேலை மட்டும் அவள் தலையில். யார் யார் காதுக்குறும்பியோ அவள் நகக்கண்ணில் ஏறும். செல்போன் கடைக்கு வாழ்க்கைப்பட்ட லட்சணம் அது.

இந்த வெள்ளை ஜோடி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

“சீல் பிரிச்சதுமே உள்ள அசிங்கமா இருக்குக்கா,” என்று பெட்டியை விரல்நுனியால் தள்ளிவிட்டுப் போனாள் வாங்கியவள்.

நேற்று இவளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மூடியது. இன்று திறந்தால் மஞ்சளாக, ஈரமாக, வெதுவெதுப்பாக அப்பியிருந்தது. கடை டேப்லட்டில் அதற்கான ஆப்பைத் திறந்து பார்த்தாள். பெட்டிக்குள் கிடந்த இரண்டையும் அது ‘காதில் உள்ளது’ என்றது.

“ஏங்க, இதைத் தூக்கிப் போட்டுடலாம். தொடவே அருவருப்பா இருக்கு.”

“சென்சார்ல அழுக்கு அடைச்சிருக்கும். நல்லா நோண்டி எடு, சரியாயிடும்.”

“நோண்டறேன். ஊர்ல உள்ளவன் காதையெல்லாம் கழுவத்தானே என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்க.”

ஆத்திரத்தில் இடது பக்கத்து இயர்பட்டை எடுத்து, அதன் சல்லடைக்குள் குண்டூசியை அழுத்திக் குத்தினாள். அது அவள் விரல்களுக்கிடையில் வெடுக்கென்று பின்வாங்கியது. ஊசிமுனையில் சிவப்பாக ஒரு துளி நின்றது.

அவள் ஊசியைப் புருஷனிடம் நீட்டினாள். அவன் டேப்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ‘இடது: கழற்றப்பட்டது’ என்று மாறியிருந்தது.

“பாத்தியா, சரியாயிடுச்சு,” என்றான் ஸ்டிக்கரை உரித்தபடி. “வலதையும் குத்து.”