இரண்டாவது புள்ளி

மதிய வெயில் ஜன்னலோரமாகச் சரிந்து கிடக்கிறது. ஆய்வு மாணவி கணினித் திரையின் முன் அசையாமல் நிற்கிறாள். தொலைதூர நட்சத்திரம் ஒன்று எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒளி பொங்கித் தணிகிறது, எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று நான்கு வருடம் பார்த்துத்தான் அது இருக்கும் விண்மீன் மண்டலத்தின் தூரத்தைக் கணக்கிட்டிருக்கிறாள். இன்று வந்த தெளிவான படத்தில் அது ஒரு புள்ளியில்லை, ஒட்டினாற்போல் இரண்டு. "பக்கத்து வீட்டு விளக்கையும் சேத்துல்ல அளந்திருக்கோம், அக்கா," என்கிறான் கூட வேலை செய்பவன். சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்துகிறான். அட்டை போட்டு வந்த அவளது ஆய்வேட்டின் ஐந்து படிகள் நாற்காலியில் பசை வாசனையோடு இருக்கின்றன. நாளைக் காலை அதற்கான வாய்மொழித் தேர்வு. "அந்த வெளிச்சத்தைக் கழிச்சுட்டுத் தூரத்தைக் கணக்குப் போடுடா." விசைகள் தடதடக்கின்றன. "மண்டலம் ஒன்றரை மடங்கு தள்ளிப் போயிடுச்சுக்கா." அவள் திரையில் தெரியும் இரண்டாவது புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். அது அழுக்கில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.